கட்டை மேல் உட்கார்ந்தவன்

ரயில்வே கேட் விழுந்துவிட்டது. விழட்டும், சிலை எங்கே ஓடிவிடப் போகிறது என்று எத்திராஜ் நினைத்தார். நினைத்தது வாய்வழியே வந்திருக்கவும் கூடும், ஓட்டுநர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இப்போதெல்லாம் எது உள்ளே ஓடுகிறது, எது வெளியே வந்துவிட்டது என்பது அவருக்கே சரியாகப் பிடிபடுவதில்லை. காலையில் மனைவி கஸ்தூரி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அதைத்தான் சொன்னாள், போன இடத்தில் சண்டை போட்டுவிட்டு வராதீர்கள், ரெண்டு நிமிஷம்தானே, பேசிவிட்டு வாருங்கள் என்று. அந்தத் தலைமையாசிரியரும் போனில் ரெண்டு நிமிஷம் என்றுதான் சொன்னார். ரெண்டே நிமிஷம் சார், கொஞ்சம் உருக்கமா. உருக்கமா என்றால் என்ன, வெண்ணெயா? ஃப்ளைட் லெப்டினன்ட் விஜயரங்கம் படித்த பள்ளிக்கூடத்தில் விஜயரங்கத்துக்குச் சிலை. எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் அவரைக் கடைசியாகப் பார்த்துப் பேசியவர்களில் உயிரோடு மிஞ்சியிருப்பது நீங்கள்தான் என்று தேடிப் பிடித்துவிட்டார்கள். கார் அனுப்புகிறேன் என்றார்கள். காரோடு விஜயரங்கத்தின் மகளும் வந்து இறங்குவாள் என்று சொல்லவில்லை. அவள் பின் சீட்டில் இருக்கிறாள். சுபத்ரா. ஆடிட்டராம். அப்பா செத்துச் சில மாதம் கழித்துப் பிறந்தவள், இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள், அவர் மாட்டேன் என்று முன்னால் ஏறிக்கொண்டார். அந்த முகவாய்க்குப் பக்கத்தில் ஒரு மணிநேரம் உட்கார அவரால் ஆகாது. அதே முகவாய். நடுவில் லேசாகப் பிளந்து, எதிரே நிற்பவன் ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்ட முகவாய். ஒரு மனுஷன் மண்ணாய்ப் போன பிறகும் அவன் முகவாய் மட்டும் ஏன் கூடவே வர வேண்டும்?

ஏசி முழங்காலில் அடிக்கிறது. குறைக்கச் சொல்லலாம். சொல்ல மாட்டார். வெளியே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டர்கள் வந்து வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒருவன் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்து போகிறான், போ, உனக்கென்ன. குளிர் முழங்காலில் ஏற ஏற பஞ்சாப் திரும்பி வருகிறது. அந்த டிசம்பரில் விமானத்தின் தகட்டில் வெறும் கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இருட்டில், விளக்கில்லாமல், டார்ச்சின் கண்ணாடியில் நீலக் காகிதம் ஒட்டி அதன் கசிவில் திருகாணி தேடிய இரவுகள். வான்தாக்குதல் சங்கு ஊதும்போதும் எரிபொருள் குழாயைப் பிடித்தபடி நின்றவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை, வைக்கவும் வேண்டாம், காக்கை உட்காரத்தானே. ஆனால் கல்லில் ஒரு பெயர். ஒரே ஒரு பெயர். தொம்மை என்று அந்த மேடையில் ஒரு தரம் ஒலித்தால் போதும், அதற்காகத்தான் இந்த இஸ்திரிச் சட்டை, இந்தக் கார், இந்தக் குளிர். சிலைக்கு அடியில் பொறித்திருக்கிறார்களாமே, மாவீரனின் கடைசி வார்த்தைகள்: "நான் வரும்வரை ஓடுபாதை விளக்கை அணைக்காதீர்கள்." போர் முடிந்த சூட்டில் எவனோ ஒரு நிருபர் எழுதியது, அதையே ஐம்பது வருஷமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக் கடைசியில் கல்லிலும் வெட்டிவிட்டார்கள். விஜயரங்கம் விமானம் ஏறிப் போனது பட்டப்பகலில். விமானத்தளத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. கடைசி வார்த்தை என்ன என்பது எத்திராஜுக்குத் தெரியும். தொம்மைக்குத் தெரியும், தொம்மை இல்லை. மற்றவர்கள் எல்லாம் வடக்கத்திக்காரர்கள், பேச்சோ தமிழில் நடந்தது. அவன் வேண்டுமென்றேதான் தமிழில் பேசினான். மனத்துக்குள் எப்போதும் அவன் இவன்தான். வாயைத் திறந்தால் சார் என்று வந்துவிடும், உடம்பில் ஊறிய சனியன்.

சரக்கு வண்டி வருகிறது. மெதுவாக, எருமை மாதிரி. விஜயரங்கத்தைக் கோழை என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று பலமுறை நினைத்ததுண்டு. முடியாது. ஸ்குவாட்ரனில் அவனைப் போல் தாழப் பறந்தவன் கிடையாது. எதிரி டாங்கிகளின் மேல் மரத்தின் உயரத்துக்கு இறங்கிச் சுட்டுவிட்டு வருவான், வாலில் ஓட்டை ஓட்டையாக இருக்கும், எத்திராஜ் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். விஜயரங்கம் ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஏணியில் கிரீஸ் இருக்கிறது என்பான். வெள்ளைக் கைக்குட்டையால் முன்கண்ணாடியைத் துடைத்து, கைக்குட்டையை மூக்குக்கு நேரே நீட்டுவான், இதுதான் உன் அம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்த சுத்தமா என்று. பயமே அறியாதவன் என்று இன்று மேடையில் எவனாவது சொல்லப் போகிறான். பொய். காக்பிட்டில் அவனை வாரால் இறுக்கிக் கட்டியவருக்குத் தெரியும். ஆபத்தில் விமானியை வெளியே வீசும் ஆசனத்தின் பாதுகாப்புப் பின்களை உருவி, சிவப்புத் துணி தொங்க அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும், அவன் பார்த்துத் தலையசைத்தால்தான் ஏணியை விட்டு இறங்கலாம். அந்தத் தலையசைப்புக்கு முன் சில நொடிகள் அவன் தொடை நடுங்கும். பிராணவாயு முகமூடியில் காலை வாந்தியின் வாடை இருக்கும். எத்திராஜ் அதைத் துடைத்திருக்கிறார். தினமும் நடுங்கிக்கொண்டே ஏறினான், தினமும் ஏறினான். இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதுதான் அவன்மேல் இருக்கும் கோபத்திலேயே பெரிய கோபம். முழுசாக வெறுக்க விடாமல் செய்துவிட்டுப் போனான் பாவி.

தொம்மை தூத்துக்குடிக்காரன். பெயரையும் ஊரையும் கேட்டவுடன் கடல், வலை, கரையில் காத்திருக்கும் சனம் என்று ஆரம்பித்துவிடுவார்கள், அவனுடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார், தொம்மைக்கு நீச்சலே தெரியாது. விமானம் கிளம்பும்போது சக்கரத்துக்கு முட்டாக வைத்த கட்டையை இழுத்துப் போடுவது அவன் வேலை. கட்டையை இழுத்தவன் அதே கட்டையின் மேல் உட்கார்ந்து, தன் விமானம் திரும்பும்வரை காத்திருப்பான். அந்தத் தளத்தில் அது எழுதாத வழக்கம். வேறெவனும் அந்தக் கட்டையில் உட்காரக் கூடாது. எரிபொருள் தீரும் நேரமும் கடந்து வானம் காலியாகவே கிடந்தால் சார்ஜண்ட் குர்பச்சன் வந்து தோளில் கை வைப்பார், உட்கார்ந்தவன் எழுந்து திரும்பிப் பார்க்காமல் நடப்பான், கட்டையை வேறொருவன் எடுப்பான். முதல் நாள் சாயங்காலம் விஜயரங்கம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இறங்கிவிட்டான். தொம்மை வயிற்றுப்போக்கால் கக்கூசுக்கு ஓடியிருந்தான். ஏணி வைக்க ஆளில்லை. காக்பிட்டிலேயே கொஞ்ச நேரம் காத்திருந்த விஜயரங்கம் கடைசியில் இறக்கைமேல் காலை வைத்துக் குதித்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஏணியில் ஏறி உட்கார்ந்து, பின்களைப் பார்த்துத் தலையசைத்து, அதற்குப் பிறகு கீழே கட்டையோடு நின்ற தொம்மையைக் குனிந்து பார்த்தான்.

"கடைசியா என்ன சொன்னார்?"

பின்னாலிருந்து வந்த குரல். கெஞ்சவில்லை, குழையவில்லை. விட்டுப்போன கணக்கைக் கேட்கிற மாதிரி. இதற்குத்தான் வந்திருக்கிறாள், மேடைக்கு முன்னால் சோதனை போட. சரக்கு வண்டியின் பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, கரி, கரி, கரி. கல்லில் வெட்டியிருக்கிறதே அம்மா என்றார் எத்திராஜ். திரும்பவில்லை. கண்ணாடியில் முகவாய் அசைந்தது. "பட்டப்பகல்ல எந்த விளக்கு சார்?" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த வாக்கியம் அது, யாராவது ஒருவன் முகத்தில் வீசலாம் என்று கூர் தீட்டி வைத்திருந்தது, இவள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பேசிக்கொண்டே போனாள். வருஷா வருஷம் யாராவது வந்து அப்பா படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போவார்களாம், அம்மா தன் கையால் ஒருநாளும் போட்டதில்லையாம். வந்தவர்கள் தெருமுனை தாண்டியதும் மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவாளாம், கேட்டால் வாடிப்போச்சு என்பாளாம். "வாடியே இருக்காது சார். அப்பத்தான் போட்ட மாலை." விஜயரங்கம் வீட்டிலும் கைக்குட்டை நீட்டியிருக்கிறான். எத்திராஜுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, உடனே அதன்மேல் வெட்கம் வந்தது, வெட்கத்தின்மேல் எரிச்சல். இவளுக்காக இரக்கப்பட அவர் வரவில்லை. சொல்லிவிட்டால் என்ன. கேட்கிறாள், சொல். தாங்கட்டும், தாங்காமல் போகட்டும்.

"நாய்னு சொன்னார்" என்றார். "தொம்மைன்னு ஒரு ஏர்மேன். கட்டை இழுக்கிறவன். அவனைப் பார்த்து, நான் திரும்பி வர்றவரைக்கும் நாய் மாதிரி இங்கயே உக்காந்திரு, அசைஞ்சே கொன்னுடுவேன், அப்படின்னார். அதான் கடைசி. மூடியை இழுத்துக்கிட்டார், போயிட்டார்." எத்திராஜால் நிறுத்த முடியவில்லை. அந்தக் காலை அப்படியே வந்து நின்றது, மூடுபனி, கெரோசின் வாடை, கட்டையின் மேல் குந்திய தொம்மை. ஏல எத்திராசு, நாயி உக்காந்தாச்சு, பிஸ்கட்டு கொண்டா என்றான். எத்திராஜ் சிரித்தார். ரெண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சங்கு ஊதியது. எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள், எத்திராஜும் ஓடினார், ஓடத்தான் உத்தரவு. குழியில் விழுந்து தலையைத் தூக்கினால் தளத்தின் நடுவில் தொம்மை உட்கார்ந்தேயிருக்கிறான். வாடே, செத்துத் தொலையாதே என்று கத்தினார். தொம்மை வாலை ஆட்டுகிற மாதிரி பின்பக்கம் கையை வைத்து ஆட்டிக் காட்டினான். அது வீம்பா, விளையாட்டா, கோபமா? வானத்தில் இருப்பவனை வெட்கப்பட வைக்க நினைத்தானா? ஐம்பது வருஷமாக இதே இடத்தில்தான் புத்தி போய்ப் போய் முட்டுகிறது, கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஸ்கூட்டர் மாதிரி.

எதிரி விமானங்கள் ஒருமுறை குண்டு போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்கு வளைந்தன. மேலே பறந்துகொண்டிருந்த நம்முடையவை எல்லாவற்றையும் பக்கத்துத் தளத்துக்குப் போய் இறங்கச் சொல்லி ரேடியோவில் உத்தரவு போயிருந்தது. மற்றவர்கள் போனார்கள். விஜயரங்கத்தின் துப்பாக்கியில் ஒரு தோட்டாகூட இருந்திருக்காது, எரிபொருள் முள் அடியில் கிடந்திருக்கும். அவன் வந்தான். கரும்புத் தோட்டத்தின் மேலாக, மரத்தின் உயரத்தில், வளைந்து வருகிறவர்களின் மூக்குக்கு நேரே வந்தான். முதல் எதிரி விமானம் பயந்து விலகிக் குண்டுகளை வயலில் கொட்டிவிட்டுப் போனது. அப்போது தொம்மை எழுந்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நேராகத் தூக்கினான். இறங்கி வரும் விமானத்தை அதன் இடத்துக்குக் கூப்பிடும் சைகை அது, இதோ நான் நிற்கிறேன், என்னைப் பார்த்து வா. பயிற்சிப் பள்ளியில் முதல் வாரமே அடித்துச் சொல்லித் தருவார்கள், விமானத்தைக் கூப்பிட்டவன் அது நிற்கும்வரை கையை இறக்கக் கூடாது. குண்டு விழுகிற மைதானத்தில், புகைக்கு நடுவில், ஒழுங்காக, முழங்கை மடங்காமல் நின்றான். இரண்டாவது எதிரி விமானம் சுட்டுக்கொண்டே தளத்தின் மேல் போனது. தொம்மை விழுந்தான். அதுவே போய் விஜயரங்கத்தையும் பிடித்தது. அவன் கரும்புக்குள் விழுந்தான். குழியில் கிடந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். கட்டையை எத்திராஜ்தான் எடுத்தார்.

ஏன் வந்தான்? தளத்தைக் காப்பாற்ற வந்தான் என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. இருக்கலாம். அசைந்தால் கொன்றுவிடுவேன் என்று ஒருவனை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்து வந்தானா? அப்படி மட்டும் இருந்துவிடக் கூடாது என்று எத்திராஜ் எத்தனை இரவு வேண்டிக்கொண்டிருக்கிறார். அப்படி இருந்தால் அவனை மன்னிக்க வேண்டிவரும். மன்னித்துவிட்டால் அப்புறம் கையில் என்ன மிச்சம் இருக்கிறது? விசாரணையில் அவர் எல்லாவற்றையும் சொன்னார், அந்த வார்த்தை உட்பட. தலைமை அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இறந்துபோன அதிகாரி, அதுவும் இவரைப் போல் ஒருவர், இதெல்லாம் வேண்டாம் கார்ப்பரல் என்றார். முடிவு வந்தது. சங்கு ஊதியும் உத்தரவை மீறிப் பதுங்காமல் இருந்ததால் நேர்ந்த மரணம். விஜயரங்கத்துக்குப் பதக்கம். தொம்மைக்கு உத்தரவை மீறியவன் என்ற பேர், அவன் செய்ததெல்லாம் ஒரு உத்தரவுக்குக் கட்டுப்பட்டது. கஸ்தூரி ஒருமுறை கேட்டாள், செத்தது ரெண்டு பேர், ஏன் ஒருத்தரையே திட்டிக்கிட்டிருக்கீங்க என்று. மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

சரக்கு வண்டி போய்விட்டது. கேட் திறக்கவில்லை, எதிர்ப்பக்கம் மின்சார ரயில் வர வேண்டுமாம். இதில் எவ்வளவை வாய்விட்டுச் சொன்னோம், எவ்வளவு உள்ளேயே ஓடியது என்று அவருக்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும்தான் சொல்லியிருக்க வேண்டும், அவள் பதில் அப்படித்தான் இருந்தது. சுபத்ரா சொன்னாள். "தொம்மைங்கிற பேரை நான் சொல்றேன். என் பேச்சிலேயே சொல்றேன். அந்த நாய் விஷயம் மட்டும் மேடையில வேண்டாம். என் பையன் வந்திருக்கான்." பேரம். அப்பனைப் போலவேதான், கேட்கவில்லை, அறிவித்தாள். எத்திராஜ் இப்போதுதான் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "அதைச் சொல்லலன்னா அவன் ஏன் ஓடலன்னு யாருக்கும் புரியாதும்மா. ஓடத் தெரியாத முட்டாள்னு ஏற்கெனவே எழுதி வச்சிருக்காங்க. அதையே நீங்க மைக்கில சொல்வீங்க." அவள் முகம் கடுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மின்சார ரயில் தடதடவென்று போயிற்று, ஜன்னல்களில் தொங்கும் கைகள், முகங்கள். அது போன பிறகு அதே கடுப்போடு கேட்டாள். "எப்படி இருப்பார் அவர்? தொம்மை."

எத்திராஜ் வாயைத் திறந்தார். மீசை இருந்ததா? நெட்டையா? விஜயரங்கத்தைப் பற்றிக் கேட்டால் சவரத்தில் வெட்டுப்பட்ட தழும்பு எந்தப் பக்கம் என்பதுவரை சொல்வார், கைக்குட்டையின் ஓரத் தையல், நடுங்கும் தொடை, பல்லிடுக்கில் வார்த்தை அரைபடும் விதம், எல்லாம் அப்படியே இருக்கிறது, நேற்றுப் பார்த்தது போல. தொம்மையின் முகம் இருந்த இடத்தில் புகைதான் இருக்கிறது. குரல்கூடப் பிஸ்கட்டோடு நின்றுபோகிறது. அடப்பாவி. ஐம்பது வருஷமாகத் தினம் தினம் கோபத்தைப் போட்டு வளர்த்தது அவனையா, அந்த முகவாயையா? சிலை வைக்கிறவர்கள் இப்போதுதான் வைக்கிறார்கள், இவர் அப்போதே வைத்துவிட்டார். நினைவில் மிச்சம் இருப்பது அவன் தூக்கிய கைகள் மட்டும். வேறொன்றும் காட்ட இல்லாமல் எத்திராஜ் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். விரல்கள் காரின் கூரையில் முட்டின. முழங்கை மடங்காமல் இருக்கச் சீட்டில் சரிந்துகொண்டார்.

கேட்டைத் தூக்கிவிட்டார்கள். பின்னால் ஹாரன்கள் கதறின. சார், கையை இறக்குங்க, அந்தப் பக்கக் கண்ணாடி தெரியல என்றான் ஓட்டுநர். "இருக்கட்டும். பார்த்து ஓட்டுங்க" என்றாள் சுபத்ரா. அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. முகத்தில் இளக்கம் எதுவும் இல்லை. அவளை அவருக்குப் பிடிக்கவில்லை, இனிமேலும் பிடிக்கப் போவதில்லை. "சொல்லிடுங்க" என்றாள். "எல்லாத்தையும் சொல்லுங்க. நான் முன்வரிசையிலதான் உக்காந்திருப்பேன். எந்திரிச்சுப் போக மாட்டேன். ஆனா என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்."

சரி என்று சொன்னாரா, நினைத்தாரா தெரியவில்லை. கார் தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியது. தோள்பட்டை இரண்டும் வலித்தன. எத்திராஜ் கையை இறக்கவில்லை. வண்டி இன்னும் நிற்கவில்லை.